வெள்ளைக்கால்

நாலு காலும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.
ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவள் வைக்கிற பேர்தானே:
பூட்ஸ்.

இரவு ஷிப்டுக்குப் பத்து மணிக்கு பஸ் வரும்.
கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிடுவேன்.
தனி வீடு, பின்னால் மாந்தோப்பு.
கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு நாய்
என்று என் கணக்கு.
விடியும்வரை எங்கே போகிறாய் என்று
நான் அதைக் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை இறங்கி நடந்து வருகிறேன்,
வாசலில் படுத்திருக்கிறது.
நாலு காலும் முட்டிவரை சிவப்பு.
அடிபட்டதோ என்று தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
பல்லிடுக்கில் மயிர்.
வாலை ஆட்டியது.

யோசித்தேன் என்று சொல்ல முடியாது.
கை தானாகக் குடத்துக்குப் போனது.
ஒவ்வொரு காலாகக் கழுவினேன்,
நகக்கண்ணில் ஈர்க்குச்சி விட்டுச் சுரண்டினேன்,
துணி சோப்பு போட்டேன்.
சிவந்த தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது.
வெள்ளை திரும்பி வந்த நேரம்
மேற்கே, அறுத்த கேழ்வரகுக் கொல்லையில்
ஒருத்தி வாய்விட்டு அழுவது கேட்டது.

சென்றாயனின் பட்டி.
பதினோரு ஆடு.
ஒன்றைக்கூடத் தின்னவில்லை.
கழுத்தில் கடி நாலுக்கு, தொடையில் இரண்டுக்கு.
மிச்சம் ஐந்தின்மேல் பல்லே படவில்லை,
வலை மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
மூச்சு முட்டிச் செத்தவை.
அதில் ஒன்று சினை. குட்டி பாதி வெளியே.
பசிக்குக் கொன்றிருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும்.
விளையாட்டுக்கு ஏது வயிறு?

மத்தூரிலிருந்து வந்த டாக்டர்
அறுத்துப் பார்த்து ‘நாய்க்கடி’ என்று எழுதினார்.
எந்த நாய் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.
ஊர் வாயில் இருந்தது.
“சந்தைமேட்டுக் கறிக்கடை நாய்ங்கதான், வேற எது?”
நானும் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் பையன்கள் தடியோடு போனார்கள்.
காது கிழிந்த ஒரு பெட்டை, பால் கட்டிய மடி,
அது கத்தியது மூன்று தெரு தாண்டிக் கேட்டது.
பூட்ஸ் காதைத் தூக்கிக்கொண்டு கேட்டது.
நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பிறகு மூன்று ஷிப்ட்.
இடது கால், வலது கால், பசை, அழுத்து.
அந்த வாரம் பூராவும் வெள்ளை ஷூ.
ஒரு ஜோடியில் விரல் அழுக்குப் பட்டதற்கு
சூப்பர்வைசர் தூக்கிக் காட்டிக் கத்தினாள்:
“இது யார் கை?”

சனிக்கிழமை போனேன்.
சென்றாயன் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.
நான் வாயைத் திறக்குமுன்,
“வெள்ளக்காலு இருட்டுல நல்லாத் தெரியும்மா” என்றார்.
“அப்ப ஏன் ஊர்ல சொல்லல?”
“சொன்னா அடிச்சுப் போட்ருவாங்க.
செத்த நாயி எனக்கு எத்தன ரூபா தரும்?”

அதற்குமேல் பேரம்தான்.
ஆட்டுக்குப் பத்தாயிரம் என்றார். ஏழு என்றேன்,
வெட்கப்படாமல்தான் சொன்னேன், என் சம்பளம் பதிமூன்று.
சினையாட்டை இரண்டாக எண்ணு என்றாள் அவர் மனைவி நாகவேணி.
எண்ணினேன்.
எட்டில் முடிந்தது. மாதம் நாலாயிரம், இரண்டு வருஷம்.

காது கிழிந்ததற்கு யாரிடம் பேரம் பேசுவது?
அதற்குக் குட்டிகள் நாலு என்றார்கள்.
தேடினேன். இரண்டு கிடைத்தன.

ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தையில் சங்கிலி வாங்கினேன்.
எடை போட்டுத்தான் தருகிறார்கள், ஒன்றரைக் கிலோ.
பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும் இப்போதெல்லாம்
கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டே ஏறுகிறேன்.
முதல் வாரம் ராத்திரி முழுக்க ஊளை என்றார்கள்.

முதல் தவணையோடு போன அன்று
மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கின.
ஒரே பக்கமாக ஒதுங்கி
ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.
நாயை நான் கூட்டிப் போகவில்லை.
“அங்கியே நில்லும்மா” என்றார் சென்றாயன்,
“வாசன.
பணத்த அந்தக் கல்லு மேல வை.”